பிடித்த ஆணை எது?

அமெரிக்காவில் இறைச்சிக் கூடங்களைச் சோதிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கெட்ட இறைச்சி எது என்று தெரிந்திருக்க வேண்டும். வானிலை அலுவலகத்துக்கு வருகிறவருக்குப் புயலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 2025 மே மாத இறுதியில் அந்நாட்டு அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகம் வெளியிட்ட ஆள்சேர்ப்புத் திட்டம் இவற்றோடு நிற்கவில்லை. அதிபர் டிரம்ப்பின் நிர்வாக ஆணைகளை முன்னெடுக்க நீங்கள் எப்படி உதவுவீர்கள், உங்களுக்கு முக்கியமாகப் படும் ஓரிரு ஆணைகளைக் குறிப்பிட்டு 200 சொற்களுக்குள் எழுதுங்கள் என்று கேட்டது. உயர் பதவிகளுக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. பட்டப்படிப்பை முடித்த கையோடு வருகிறவர் சேரும் ஐந்தாம் படிநிலையிலிருந்தே கேட்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பதில் எழுதாதவர் தள்ளப்பட மாட்டார் என்று விளக்கம் வந்தது. விண்ணப்பத்தில் அச்சாகிவிட்ட ஒரு கேள்விக்கு ‘விருப்பம் இருந்தால் எழுதலாம்’ என்பதன் பொருள் என்ன என்று வேலை தேடி அலைந்த எவருக்கும் தெரியும்.

இது தவறு. ஆர்வக்கோளாறு என்றோ, சீர்திருத்த வேகத்தில் நேர்ந்த சறுக்கல் என்றோ இதை மழுப்ப முடியாது. அமெரிக்க அரசு வேலையில் சேரும் ஒவ்வொருவரும் அரசியலமைப்புச் சட்டத்தின் பேரில் உறுதிமொழி எடுக்கிறார். அந்த உறுதிமொழியில் அதிபருக்குக் கட்டுப்படுவேன் என்ற சொல்லே கிடையாது. அந்த இடத்தில் ஒரு மனிதரின் விருப்பத்தைக் கொண்டுவந்து வைப்பது, சம்பளம் கொடுக்கும் மக்களுக்குச் செய்யும் துரோகம்.

எதைக் குலைக்கிறார்கள் என்பது புரிய, அந்த இயந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் அதைப் பற்றி அநேகமாக எதுவும் சொல்வதில்லை. நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கும் என்கிறது. துறைத் தலைவர்களிடம் அவர் எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம் என்கிறது. எத்தனை துறைகள், யாரைச் சேர்ப்பது, எப்படி நீக்குவது என்பதெல்லாம் அதில் இல்லை. 1789இல் வெளியுறவு, போர், நிதி என்று மூன்று துறைகளோடு தொடங்கினார்கள். இன்று 15. கடைசியாகச் சேர்ந்தது 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. இவற்றுக்கு வெளியே நாசா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போன்றவை தனியாக நிற்கின்றன. பங்குச் சந்தை, வணிகப் போட்டி, தொழிலாளர் உறவு ஆகியவற்றைக் கண்காணிக்கும் ஆணையங்கள் இன்னொரு வரிசை. இவற்றில் பெரும்பாலானவற்றைச் சட்டம் போட்டு, பணம் ஒதுக்கி உண்டாக்கியது நாடாளுமன்றம். பெற்றவர் யார் என்பது இந்த வழக்கில் முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

2025 தொடங்கியபோது அஞ்சல் ஊழியர்களும் படைவீரர்களும் நீங்கலாக ஏறத்தாழ 23 லட்சம் பேர் இந்த இயந்திரத்தில் இருந்தார்கள். ஐந்தில் நால்வர் வாஷிங்டன் வட்டாரத்திலேயே இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் காட்டிலாகா அலுவலகங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் பரவிக் கிடக்கிறார்கள். அதிபர் மாறும்போது மாறும் அரசியல் நியமனங்கள் சுமார் 4,000. அவற்றில் 1,200க்கு மேற்பட்டவற்றுக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும். இதுவே அதிகம். பிரிட்டனில் அமைச்சர் மாறினால் அவரோடு கைப்பிடி அளவு ஆலோசகர்கள்தான் மாறுவார்கள்; துறையின் நிரந்தரச் செயலர் மறுநாளும் அதே நாற்காலியில் இருப்பார். அமெரிக்காவில் ஏற்கெனவே மேல்தட்டு முழுக்க அதிபரின் ஆட்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள்தான் இப்போது குறி.

‘அரசு ஊதிப்போய்விட்டது’ என்ற வாதத்துக்கும் ஒரு வரி. 1960களின் இறுதியில் அமெரிக்க மக்கள்தொகை 20 கோடியாக இருந்தபோது எத்தனை ஊழியர்கள் இருந்தார்களோ, 34 கோடியைத் தொட்ட 2025 தொடக்கத்திலும் ஏறத்தாழ அத்தனை பேர்தான். செலவு ஊதியது உண்மை. ஒப்பந்தக்காரர்கள் பெருகியதும் உண்மை. இந்த 23 லட்சம் பேரின் சம்பளமும் படிகளும் அரசு செலவழிக்கும் நூறு டாலரில் ஐந்து டாலரைக்கூட எட்டுவதில்லை.

வேலையைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ஆண்ட்ரூ ஜாக்சன் 1829இல் பதவிக்கு வந்தது முதல் அரை நூற்றாண்டுக்கு அதுதான் நடைமுறை. தேர்தலில் வென்ற கட்சி தபால் நிலையங்களையும் சுங்க அலுவலகங்களையும் தன் ஆட்களால் நிரப்பும். வேலை பெற்றவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக் கல்லாவில் கட்டுவார். 1881இல் சார்லஸ் கிட்டோ என்ற புத்தி பேதலித்த மனிதர், ஜேம்ஸ் கார்ஃபீல்டின் வெற்றிக்குத் தன் பிரச்சாரம்தான் காரணம் என்று நம்பி, பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு நடையாய் நடந்தார். கிடைக்கவில்லை. ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபரைச் சுட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். அடுத்து அதிபரானவர் செஸ்டர் ஆர்தர். நியூயார்க் சுங்கத் துறைத் தலைவராக இருந்து, அந்தப் பங்கீட்டு அரசியலிலேயே வளர்ந்தவர். அவர்தான் 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேர்வெழுதித் தேறினால் வேலை. கட்சிக்கு நிதி தரவில்லை என்பதற்காக யாரையும் நீக்கக் கூடாது. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குப் பதவிகளுக்குத்தான் அது பொருந்தியது. 1912இல் இன்னொரு சட்டம், தக்க காரணம் காட்டாமல் நீக்க முடியாது என்றது. பங்கீட்டில் ஊறிய ஆர்தருக்கே அவமானம் உறைத்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பால் யாருக்கு என்ன லாபம்? ஃபிரான்சஸ் கெல்சியின் மேசையைப் பார்த்தால் தெரியும்.

1960 ஆகஸ்டில் கெல்சி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். அடுத்த மாதமே சின்சினாட்டியைச் சேர்ந்த மெரல் நிறுவனத்தின் விண்ணப்பம் அவரிடம் வந்தது. மருந்தின் வணிகப் பெயர் கெவடான். தாலிடோமைடு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவில் தூக்க மாத்திரையாக ஏற்கெனவே அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவருக்கு இது சுலபமான கோப்பு என்றுதான் மேலிடம் நினைத்தது. அன்றைய சட்டப்படி 60 நாட்களுக்குள் அரசு ஆட்சேபிக்காவிட்டால் அனுமதி தானாகவே கிடைத்துவிடும். கெல்சி சான்றுகளைப் படித்தார். போதாது என்று எழுதினார். விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பினால் 60 நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நிறுவனம் இன்னும் கொஞ்சம் காகிதம் அனுப்பியது. அவர் மறுபடி போதாது என்றார். 1961 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், இந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்த கடிதம் அவர் கண்ணில் பட்டது. நரம்பையே பாதிக்கிற மருந்து கர்ப்பத்தில் இருக்கும் சிசுவை என்ன செய்யும் என்று கேட்டார். நிறுவனத்தின் பிரதிநிதிகள் நேரில் வந்தார்கள், தொலைபேசியில் நெருக்கினார்கள், இவர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். மேலதிகாரிகள் அவர் பக்கம் நின்றார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் உண்மை வெடித்தது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. அமெரிக்காவில், சோதனைக்கென்று மருத்துவர்களிடம் நிறுவனம் கொடுத்து வைத்திருந்த மாத்திரைகளால் பதிவான எண்ணிக்கை 17. மறு ஆண்டு ஆகஸ்டில் கென்னடி அவருக்கு விருது அணிவித்தார்.

அந்தப் பதினான்கு மாதங்களில் கெல்சியைப் பற்றி ஒரு தொழிலதிபரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? சிவப்பு நாடா, கோப்பை நகர்த்தாத அதிகாரி, வியாபாரத்துக்கு இடைஞ்சல். ஒரு தொலைபேசி அழைப்பில் அவரை வேலையைவிட்டு அனுப்ப முடிந்திருந்தால் அனுப்பியிருப்பார்கள்.

எதிர்த்தரப்பு வாதம் அற்பமானதல்ல. அதிகார வர்க்கத்துக்கு மாலை போட்டு வணங்க நமக்கு ஆசை இல்லை. அலபாமா மாநிலம் டஸ்கேகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாக நம்பவைத்து, தராமலேயே நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணி. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை அதிபர்கள் வந்துபோனார்கள்! எந்தத் தேர்தலும் அந்தக் கோப்பைத் தொடவில்லை. தகுதி அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்ட, சட்டப் பாதுகாப்பு பெற்ற, முறையாகக் குறிப்பெழுதும் அதிகாரிகள் செய்த அக்கிரமம் அது. 2014இல் பீனிக்ஸ் நகரில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனை, சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலை மறைத்து வைத்துக் கணக்குக் காட்டியதும் இந்த வர்க்கத்தின் கைவரிசைதான். வேலை பறிபோகாது என்ற தைரியம் கெல்சிகளை மட்டும் உண்டாக்குவதில்லை.

ஆனால், டஸ்கேகீயைப் பற்றி உள்ளிருந்தே புகார் எழுதியவரும் அதே பணியில் இருந்த கீழ்நிலை ஊழியர்தான். பீட்டர் பக்ஸ்டன் 1966இலிருந்து எழுதினார். மேலதிகாரிகள் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். கடைசியில் அவர் செய்தியாளர்களிடம் போனார். 1972இல் நாடே அறிந்தது. இந்த இயந்திரத்தைத் திருத்த வேண்டுமானால் பக்ஸ்டன்கள் பெருக வேண்டும். அச்சத்தால் ஆளும் அலுவலகத்தில் பக்ஸ்டன் எப்படிப் பிழைப்பார்?

மந்தம் என்ற குற்றச்சாட்டுக்கு அமெரிக்கர்கள் விரும்பிக் காட்டும் உதாரணம் ஒரு சுரங்கம். பென்சில்வேனியா மாநிலம் பாயர்ஸில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பழைய சுரங்கத்தில், தரைக்கு 230 அடி கீழே, அரசு ஊழியர்களின் ஓய்வூதியக் காகிதங்கள் கைகளாலேயே பரிசீலிக்கப்பட்டுவந்தன. அட்டைப்பெட்டிகள், கோப்புறைகள், அவற்றைத் தள்ளிக்கொண்டு குகைக்குள் நடக்கும் ஊழியர்கள். 2025 பிப்ரவரியில், டிரம்ப்பின் செலவுக் குறைப்புக் குழுவை நடத்திய ஈலான் மஸ்க் வெள்ளை மாளிகையில் நின்று இதைச் சொன்னபோது கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குரியதுதான். கணினிமயமாக்கும் முயற்சி 1980களிலிருந்தே நடந்து தோற்றது என்பதும் வெட்கக்கேடு. ஆனால், ஓய்வூதிய விதிகளை ஆண்டுக்காண்டு ஒட்டுப்போட்டுச் சிக்கலாக்கியது அந்த ஊழியர்களா? அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மஸ்க்கின் குழு ஊழியர்களை விரட்டிய வேகத்தில் ஓய்வு விண்ணப்பங்கள் அதே அலுவலகத்தில் வந்து குவிந்தன.

2025இல் செய்தது சீர்திருத்தம் என்றால் அதற்கு அடையாளம் இருந்திருக்கும்: எந்த வேலை வேண்டாம், எது வேண்டும் என்று யாராவது எண்ணிப் பார்த்திருப்பார்கள். பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ‘உங்கள் பணித்திறன் திருப்தியாக இல்லை’ என்று ஒரே வார்ப்பில் கடிதம். சில மாதங்களுக்கு முன் நற்சான்று பெற்றவர்களுக்கும் அதே கடிதம். வேலையைப் பறித்ததைவிட இந்தப் பொய் அசிங்கமானது. அடுத்த வேலைக்குப் போகும்போதும் அந்தக் கடிதம் கூடவே வரும். அப்படி அனுப்பப்பட்டவர்களில் அணு ஆயுதக் கிடங்கைப் பராமரிக்கும் நிர்வாகத்தின் ஊழியர்கள் இருந்தார்கள். தவறு தெரிந்து திரும்ப அழைக்கத் தேடியபோது, முடக்கப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளால் பலரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. வேளாண் துறையில் பறவைக் காய்ச்சல் ஒழிப்பில் இருந்தவர்களையும் இப்படித்தான் நீக்கிவிட்டுத் தேடினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவர்கூட, உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று ஒரு குரல் கொடுப்பார்.

இன்னும் இரண்டு சம்பவங்கள் நோக்கத்தை வெளிச்சமாக்குகின்றன. டிரம்ப் பதவியேற்று நான்கு நாள் கழித்து, ஜனவரி 24 வெள்ளிக்கிழமை இரவு, துறைகளின் ஊழலையும் வீண்செலவையும் துப்புத்துலக்கும் தலைமைக் கண்காணிப்பாளர்கள் சுமார் 17 பேர் நீக்கப்பட்டார்கள். நாடாளுமன்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது சட்டம், தரவில்லை. அது சட்டவிரோதம் என்று பின்னர் ஒரு நீதிபதி சொன்னார். ஆனால், அவர்களை மீண்டும் பதவியில் அமர்த்தவில்லை. வீண்செலவை ஒழிக்க வந்தவர்கள் வீண்செலவைப் பிடிக்கிறவர்களையே முதலில் வெளியேற்றினார்கள். அடுத்தது ஆகஸ்ட் 1. தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட வேலைவாய்ப்புக் கணக்கு சோர்வாக இருந்தது. சில மணி நேரத்தில் அதன் ஆணையர் எரிகா மெக்என்டார்ஃபர் நீக்கப்பட்டார். புள்ளிவிவரம் திருத்தப்பட்டதைக் காரணமாகச் சொன்னார் அதிபர். மாதாமாதம் புதிய விவரம் வரவரத் திருத்துவது அந்த அலுவலகத்தின் பல்லாண்டு வழக்கம். அடுத்த ஆணையர் பேனாவை எடுக்கும்போது என்ன நினைப்பார்?

கொள்கையைப் பாதிக்கக்கூடிய சுமார் 50,000 பதவிகளைப் பாதுகாப்பில்லாத புதிய வகைக்கு மாற்றும் திட்டமும் இதே ரகம். 2020 அக்டோபரில் முதலில் வந்தது, பைடன் ரத்து செய்தார், 2025 ஜனவரி 20 அன்று பெயரை மாற்றிக்கொண்டு திரும்பியது. ‘எந்த ஊழியரையும் அரசியலுக்காக நீக்க மாட்டோம்’ என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. நீக்கும் அதிகாரம் எப்படித் திரியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1953இல் அதிபர் ஐசனோவர், பாதுகாப்பு என்ற பெயரில் பிறப்பித்த ஆணையால் தன்பாலின ஈர்ப்புள்ள ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1957இல் ராணுவ வரைபடப் பணியிலிருந்து துரத்தப்பட்ட வானியலாளர் ஃபிராங்க் கேமனியிடம் அரசு மன்னிப்புக் கேட்டது 2009இல். கேட்டது, 2025இல் ‘பிடித்த ஆணை எது’ என்று கட்டுரை கேட்ட அதே பணியாளர் மேலாண்மை அலுவலகம்.

மக்கள் தேர்ந்தெடுத்தவர் அதிபர். தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரி அவருக்குக் கட்டுப்பட வேண்டாமா என்று கேட்கிறார்கள். கட்டுப்பட வேண்டும், ஆணை சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கும்வரை. கொள்கை பிடிக்காத அதிகாரி கோப்பை மேசைக்கடியில் ஒளித்து வைத்தால் அவரை நீக்கத்தான் வேண்டும். அதற்கு இன்றைய சட்டத்திலேயே வழி உண்டு, அந்த வழி நீளம் என்றால் சுருக்கலாம். ஆனால், சட்டங்களை இயற்றியவர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தானே? 1935இல், வணிக ஆணைய உறுப்பினர் ஹம்ஃப்ரியைக் கொள்கை வேறுபாட்டுக்காக ரூஸ்வெல்ட் நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அமெரிக்காவின் மிகச் செல்வாக்கான அதிபர்களில் ஒருவருக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு அது. அதே ஆணையத்தின் ரெபெக்கா ஸ்லாட்டரை 2025 மார்ச்சில் டிரம்ப் நீக்கினார். பழைய தீர்ப்பு நிற்க வேண்டுமா என்ற வாதத்தை அவ்வாண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் கேட்டது. நீதிபதிகள் அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை எப்படி வாசித்தாலும், எது சரி என்ற கேள்விக்கு அது விடையாகிவிடாது.

குற்றவாளிக் கூண்டில் அதிபரை மட்டும் நிறுத்தினால் தீர்ப்பு பாதிதான். அதிகாரத்தில் இருப்பவர் இன்னும் அதிகாரம் தேடுவது எதிர்பார்க்கக்கூடியது. அமெரிக்காவை நிறுவியவர்கள் அதை எதிர்பார்த்தே நாடாளுமன்றத்தை எதிரே வைத்தார்கள். பெற்று வளர்த்த அந்த நாடாளுமன்றம் இப்போது கைகட்டி நிற்கிறது என்பதே எங்கள் பார்வையில் பெரிய பாவம். கல்வித் துறை 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. சர்வதேச வளர்ச்சி முகமைக்கு 1998இல் சட்ட அந்தஸ்து தந்ததும் நாடாளுமன்றம். ஒன்றைப் பாதியாக வெட்டினார்கள், இன்னொன்றை 2025 ஜூலையில் வெளியுறவுத் துறைக்குள் கரைத்துவிட்டார்கள். ஆளுங்கட்சிப் பெரும்பான்மை வாய் திறக்கவில்லை. நீக்கப்பட்ட கண்காணிப்பாளர்களுக்காகச் சில செனட் உறுப்பினர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். அதோடு சரி.

நோயும் இன்று வந்ததல்ல. இரு கட்சிகளுக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் நிறைவேற்ற வேண்டிய ஒதுக்கீட்டு மசோதாக்கள் அனைத்தையும் உரிய தேதிக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் முடித்தது 1996க்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கியது. விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் கோபுரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடினமான முடிவுகளைத் தெளிவாக எழுதாமல், ‘தக்க விதிகளை முகமை வகுக்கும்’ என்று மசோதாவில் ஒரு வரி போட்டுவிட்டு, விதி வந்த பிறகு தொகுதியில் போய் அதே முகமையைத் திட்டுவது உறுப்பினர்களின் பரம்பரை உத்தி. அப்படித் திட்டித் திட்டி வளர்த்த வெறுப்பைத்தான் இன்று வேறொருவர் அறுவடை செய்கிறார்.

அமெரிக்க அதிகாரிகளின் கதை நமக்கெதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விவரம். 2022, 2023 ஆண்டுகளில், சென்னையை அடுத்த ஒரு மருந்து ஆலையில் தயாரான கண்சொட்டு மருந்தோடு தொடர்புடைய கிருமித்தொற்று அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. நால்வர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. கெல்சி வேலை பார்த்த அதே நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் அதன் பிறகுதான் அந்த ஆலைக்குள் கால் வைத்தார்கள். கிருமிநீக்க நடைமுறைகளில் ஓட்டைகள் இருந்தன. ஆய்வாளர்கள் போதவில்லை என்பது அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம். 2025 மார்ச் இறுதியில் அந்த நிர்வாகத்தில் 3,500 பேரை நீக்கும் அறிவிப்பு வந்தது. ஆய்வாளர்களைத் தொட மாட்டோம் என்றார்கள். வெளிநாட்டு ஆலைகளுக்கு அவர்கள் போய்வர விமானச் சீட்டும் விடுதியும் ஏற்பாடு செய்கிறவர்கள் நீக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள்.

நாடாளுமன்றம் நினைத்தால் முடியும் என்பதற்கு 2025 டிசம்பரில் ஒரு சான்று கிடைத்தது. லட்சக்கணக்கான அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை அதிபர் ஓர் ஆணையால் பறித்திருந்தார். ஆளுங்கட்சித் தலைமையை மீறி உறுப்பினர்கள் கையெழுத்துத் திரட்டி, அதை மீட்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் அவைக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சியினர் சிலரும் சேர்ந்து வாக்களிக்க அந்த அவையில் அது நிறைவேறியது. 50,000 பதவிகளைப் பாதுகாப்பிலிருந்து கழற்றுவதைத் தடுக்கும் மசோதாக்களும் எழுதித் தயாராகவே இருக்கின்றன. அவற்றை வாக்கெடுப்புக்கு எடுக்க மறுக்கும் ஒவ்வொரு அவைத் தலைவரின் பெயரும், கையெழுத்திட மறுக்கும் ஒவ்வொரு உறுப்பினரின் பெயரும் பதிவாகிக்கொண்டிருக்கிறது. பங்கீட்டில் வளர்ந்த செஸ்டர் ஆர்தரால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை என்று அவரவர் தொகுதி மக்கள் கேட்கட்டும்.